இரண்டாவது மூவ் பிஷப்

எனக்குச் செஸ்ஸில் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம்தான். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவேன். அடுத்து, ராணிக்குப் பக்கத்தில் இருக்கும் பிஷப்பை வெளியே கொண்டுவந்து நிறுத்துவேன். அது வெளியே போனபிறகு சிப்பாய்களைச் சின்ன முக்கோணமாகக் கட்டிக் கதவைச் சாத்திக்கொள்வேன். குதிரைகள் தத்தம் இடத்துக்கு வரும், ராஜா ஓரமாய்ப் போய் உட்காருவார். எதிரில் இருப்பவர் தலைகீழாக நின்றாலும் நான் இதைத்தான் ஆடுவேன். இதற்கு லண்டன் சிஸ்டம் என்று பெயராம். பெயர் தெரியும் முன்பே பல வருஷம் ஆடித் தீர்த்துவிட்டேன்.

செஸ் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சோம்பேறிகள் ஆடுவது, பயந்தாங்கொள்ளிகள் ஆடுவது என்பார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன? என் தம்பி இதற்கு வைத்த பெயர் இட்லி ஓப்பனிங். "காலையில இட்லி, ராத்திரி இட்லி, கல்யாணத்துலயும் இட்லி. வேற எதுவும் உனக்கு வேகாதா அக்கா?" என்பான். அவன் மாதத்துக்கு ஒரு தொடக்கம் மாற்றுவான். லைப்ரரியில் புத்தகம் எடுத்துவந்து ராப்பகலாகப் படிப்பான். அத்தனையையும் வைத்துக்கொண்டு என்னிடம் தோற்பான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவன் மூஞ்சி வீங்கும். அந்த மூஞ்சியைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் மெதுவாக ஜெயிப்பேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தாம்பரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பி.டி. மிஸ். போட்டிக்கு நாலு பெண்களை அனுப்பியே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மிஸ்ஸுக்குக் கோ-கோவைத் தவிர எதிலும் ஆர்வம் கிடையாது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எங்களை உட்காரவைத்து, "இந்த இடத்துல இதை வை, அந்த இடத்துல அதை வை. எதிர்ல இருக்கறவ என்ன பண்றான்னு பாத்து டைம் வேஸ்ட் பண்ணாதீங்கடி. எல்லாத்தையும் வச்சு முடிச்சப்புறம் யோசிங்க" என்றார். போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே நாலு பேரும் திரும்பிவிட்டோம். மற்ற மூன்று பேரும் அத்தோடு செஸ்ஸை மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மிஸ் சொன்னது பிடித்துப்போய்விட்டது. எதிரில் இருப்பவளைப் பார்க்க வேண்டாமாம். அப்பாடா! வீட்டில் எல்லோர் மூஞ்சியையும் பார்த்துப் பார்த்துப் பேசியே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

எங்கள் வீடு அனகாபுத்தூரில், அடையாற்றை ஒட்டிய ஒரு சந்தில். அப்பா தோல் கம்பெனியில் கிளார்க். நாள் முழுக்க அங்கே கத்தலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ஒரு சத்தம் ஆகாது. நானும் தம்பியும் சண்டை போட்டால், யார் பக்கம் நியாயம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பரணைப் பார்த்துக் கையைக் காட்டுவார். "போர்டை எடுங்க" என்பார். அதுதான் எங்கள் வீட்டுக் கோர்ட்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். தோற்கிறோம் என்று தெரிந்தாலும் பாதியில் எழுந்து போகக் கூடாது, ராஜா தப்ப வழியில்லாமல் மேட் ஆகும்வரை உட்கார வேண்டும். ஜெயித்தவருக்குப் பொருள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது, தீபாவளிக்கு முதல் வெடியை யார் வைப்பது, எல்லாம் போர்டில்தான் முடிவாயிற்று. அப்பாவின் பழைய சைக்கிளுக்கும் போர்டு இறங்கியது. சைக்கிளை நான் ஜெயித்தேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குய்யா சைக்கிளு?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஜெயிச்சா, அவளுது" என்றார். அந்தச் சைக்கிளில்தான் பல்லாவரம் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். தம்பி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான். நான் மணி அடித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போவேன். வழி விலகி நின்றபிறகும் அடிப்பேன்.

அம்மாவுக்குச் செஸ் தெரியாது. குதிரையைத் தவிர ஒரு காயும் அடையாளம் தெரியாது. ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வஞ்சிரம் வாங்கிவந்தால் நடுத்துண்டுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம், போர்டு இறங்கும். ஆட்டம் முடிந்த சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே, "யாருடா ஜெயிச்சது?" என்பாள். அக்கா என்று பதில் போனால் கரண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் நடுத்துண்டு என் தட்டில் விழும். வைக்கமாட்டாள், விழும். தம்பி ஜெயித்த அபூர்வமான நாட்களில் அவளே வெளியே வருவாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்து, குழம்பை வழித்து ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுப்பாள். மீசை முளைக்கிற வயசில் அவனுக்கு முள் எடுக்கத் தெரியாதாம். அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். இப்போது வயிறு எரிகிறது.

அப்பா போய்ச் சேர்ந்தார். நான் கல்யாணமாகிச் சேலையூருக்கு வந்தேன். தம்பி படித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கேளம்பாக்கத்தில் பத்தாவது மாடியில் வீடு வாங்கிக்கொண்டு போனான். அம்மா அனகாபுத்தூர் வீட்டிலேயே தனியாக இருந்தாள். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. அவளுக்கும் வசதிதான் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

எனக்கு வேலை கிண்டியில். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் போனை எடுத்துச் செஸ் ஆடுவேன். அந்த ஆப்பில் ஒரு வசதி இருக்கிறது. எதிராளி ஆடுவதற்கு முன்பே நம்முடைய அடுத்த மூவை வைத்துவிடலாம், அவன் ஆடியதும் அது தானாக நகர்ந்துகொள்ளும். என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வருவதற்குள் என் முதல் நாலைந்து மூவும் வரிசையாகத் தயாராக நிற்கும். எதிரில் எவன், எந்த ஊர், என்ன ஆடுகிறான், ஒன்றையும் பார்க்கமாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. எதிராளி தன் முதல் மூவிலேயே ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டால், நான் பார்க்காமல் அனுப்பிய பிஷப் நேரே அந்தச் சிப்பாயின் வாயில் போய் விழும். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற எவரும் செய்யாத தப்பு. என்னைப் போல இந்த ஒரே ஆட்டத்தை ஆடி ஆடிக் கை பழகிப்போனவர்களுக்குத்தான் இது நடக்கும். டிரெயினில் எனக்கு எப்போதாவது நடந்ததுண்டு. எவனோ ஒரு குறும்புக்காரன் என்று திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவேன்.

மழைக்காலத்தில் அடையாறு எங்கள் சந்துக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் போவது வழக்கம்தான். போன மழையில் அது வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டது. பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் வீட்டைக் கழுவப் போனோம். மாடி வீட்டு அக்கா படியிலேயே எங்களை நிறுத்திவிட்டார். "இந்த வாட்டி நாங்க தூக்கிகினு வந்துட்டோம். அடுத்த வாட்டி நாங்களே எங்க கீறோமோ? ரெண்டு புள்ளைங்க இருந்துகினு ஆயாவ தனியா வுட்டு வச்சிக்கீறீங்களே, நல்லாவா கீது?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினோம்.

சுத்தம் செய்ய எங்களைத் தவிர யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி. தம்பி பெண்டாட்டிக்கு டஸ்ட் அலர்ஜி. சேற்றில் ஏதுடா டஸ்ட் என்று கேட்டேன். அவன் துடைப்பத்தால் சேற்றை இன்னும் வேகமாகத் தள்ளினான்.

மத்தியானத்துக்குள் சேறு போயிற்று, நாற்றம் போகவில்லை. முன்னறையில் ஈரத் தரையில் உட்கார்ந்தோம். அம்மா பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச வேண்டியது ஒன்றுதான், இரண்டு பேருமே காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். அம்மா யார் வீட்டுக்கு?

"அக்கா, நாங்க இருக்கறது பத்தாவது மாடி. அம்மாவுக்கு அங்க ஒரு ஆளும் தெரியாது. பேச்சுத்துணை கிடையாது. உங்க ஏரியான்னா கோயில், கடை எல்லாம் நடக்கற தூரம்" என்று தொடங்கினான்.

"உங்க வீட்ல லிப்ட் இருக்கு, செக்யூரிட்டி இருக்கு, ஸ்விம்மிங் பூல் இருக்கு. அம்மாவை நீந்த விடு. இப்பதான் பழகியிருக்கா" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்று, மறுபடியும் கேட்டது.

"நீ பையன்டா. பையன் வீட்லதான் அம்மா இருக்கணும். ஊர்ல யாரை வேணா கேளு."

"சைக்கிளுக்கு மட்டும் பொண்ணும் பையனும் ஈக்வல். இதுக்கு மட்டும் நான் பையனா?" என்றான். இத்தனை வருஷமாக அதை நாக்குக்கு அடியில் வைத்திருந்திருக்கிறான், பாவி.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே அறையில் பால் பொங்கும் நேரம்கூட ஒத்துப்போகாது. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். காலம் முழுக்க அவனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடியவள், கடைசிக் காலத்துக்கு மட்டும் நான் வேண்டுமா? இதைத்தான் நான் கத்திச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவன் எழுந்து பரணில் கையை விட்டான். தண்ணீர் அங்கே ஏறவில்லை. அப்பாவின் போர்டும் காய்ப் பெட்டியும் காய்ந்தபடியே கிடந்தன.

"போர்டுல பாத்துக்கலாம்" என்றான். "தோத்தவங்க கூட்டிட்டுப் போகணும்."

பெற்றவளை வைத்தா பந்தயம் என்று அந்த இடத்திலேயே அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ நிம்மதி. இவனிடம் நான் எப்போது தோற்றிருக்கிறேன்? கேளம்பாக்கத்துப் பத்தாவது மாடியில் அம்மா துணி காயப்போடுவது மனசுக்குள் தெரிந்தது. "சரி, வை" என்றேன்.

அவன் காய்களை அடுக்கிக்கொண்டே பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்மா, நீ யார் வீட்டுக்கு வர்றதுன்னு ஆடி முடிவு பண்றோம்!"

ஏதோ பண்டிகைக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கையில் மாடி வீட்டிலிருந்து வந்த டீ. "இன்னும் இந்தச் சனியனை வுடலியா நீங்க?" என்றாளே தவிர, குரலில் கோபம் இல்லை. போர்டைப் பார்த்தாள். அவன் தலையில் கை வைத்தாள். "பாத்து ஆடுடா கண்ணு. வுட்றாத" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "டீ ஆறிடப் போவுதுடி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களிடம் போனாள்.

டீயைத் தள்ளி வைத்தேன். நரை விழுந்த தலை, அதற்கும் தடவலா? அவன் வெள்ளைக்காய்களை என் பக்கம் திருப்பி வைத்தான். "அக்காவுக்கு எப்பவும் வெள்ளைதானே" என்றான். முதலில் ஆடுவது என்பது எவ்வளவு பெரிய சலுகை! போனால் போகிறது என்று விட்டுக்கொடுக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.

அவன் கை போர்டின்மேல் வந்தது. அதே நேரத்தில் அவன் வாயும் திறந்தது. "மாமா என்ன சொன்னாரு? அம்மா வந்தா நான் ஹால்லயா படுக்கறதுன்னு அழுதாரா?"

"என் வீட்டுக்காரரைப் பத்திப் பேச நீ யாருடா? உன் பொண்டாட்டி சேத்துக்குப் பயந்து…" என்று அவன் மூஞ்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டே பிஷப்பை எடுத்து வெளியே வைத்தேன். வைத்துக் கையையும் எடுத்துவிட்டேன்.

அவன் பதில் பேசவில்லை. புன்னகைத்தான். அவனை எனக்குத் தெரியும், பதில் பேசாமல் இருக்கிற பிறவி இல்லை. அப்போதுதான் குனிந்து போர்டைப் பார்த்தேன். ராஜாவுக்கு முன்னால் நிற்க வேண்டிய அவன் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. அதன் வாயில் என் பிஷப்.

"ஐயோ!" என்றேன்.

"தொட்ட காய், அக்கா."

"தெரியும்டா நாயே."

பிஷப்பைப் பொறுமையாக எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான். "ஆப்ல உன் பேரு எனக்குத் தெரியாதா? டிரெயின்ல நீ ஆடினதெல்லாம் அதுல அப்படியே இருக்கு. ஒரு வாரமா உக்காந்து பாத்தேன். நாலு மூவ் வரைக்கும் எதிர்ல ஒரு ஆள் இருக்கான்னே உனக்குத் தெரியாது. சின்ன வயசுலயும் அப்படித்தான் ஆடியிருப்பே. எனக்குத்தான் புக்கு புக்கா படிச்சும் தெரியல. கடைசியில உன்னை ஜெயிக்கறதுக்கு ஒரே ஒரு சிப்பாய் போதுமாயிருந்துது" என்றான்.

ஒரு வாரமாகவாம். அப்படியென்றால் தண்ணீர் வடிவதற்கு முன்பே, அம்மா மாடி வீட்டில் அடுத்தவர் பாயில் படுத்துக் கிடந்தபோதே, இவன் பத்தாவது மாடியில் உட்கார்ந்து என் பிஷப்பைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் வெள்ளைக்காயைச் சலுகை என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு காய் குறைவாக வைத்துக்கொண்டு முட்டி மோதிப் பார்த்தேன். முக்கோணம் கட்டினேன், குதிரைகளைக் கொண்டுவந்தேன். காலியான இடத்தைச் சுற்றி எவ்வளவு கட்டி என்ன? யானைகள் போயின, ராணி போயிற்று. எழுந்துவிடலாம் என்று பார்த்தால், மேட் ஆகும்வரை உட்கார வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நான் எழப்போன நேரத்தில் அவன் அதை நினைவுபடுத்தினான். ஒரு மூவில் மேட் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்கு நடத்திக்கொண்டு போய் இன்னொரு ராணி ஆக்கினான். பெட்டியில் வேறு ராணி கிடையாது என்பதால், வெட்டுப்பட்ட ஒரு யானையைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் இன்னொரு சிப்பாயை நடத்த ஆரம்பித்தான். என் ராஜா அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"மேட் பண்ணித் தொலைடா."

"இரு அக்கா. மணி அடிச்சுக்கிட்டே போவியே, ஞாபகம் இருக்கா?"

இரண்டாவது யானையையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் முடித்தான். காய்களைப் பெட்டியில் கொட்டும் சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். பின்பக்கமிருந்து, "யாருடா ஜெயிச்சது?" என்றாள்.

"நான்தாம்மா" என்றான்.

அம்மா ஓடிவந்தாள். முட்டிவலிக்காரி, ஈரத் தரை, ஓடிவந்தாள். ஈரக்கையாலேயே அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "என் ராசா!" என்றாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். எனக்கு அது ஒன்றும் புதிது இல்லை. எப்போதும் போல மகன் ஜெயித்த பூரிப்பு என்று எடுத்துக்கொண்டு, டீ கிளாஸ்களைக் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அவள் கட்டைப்பையில் புடவைகளையும் மாத்திரை டப்பாவையும் அப்பாவின் போட்டோவையும் அடுக்கி முடித்திருந்தாள். போட்டோவின் மூலையில் தண்ணீர் ஏறியிருந்தது.

தம்பி காரில்தான் போனோம். அம்மா முன்சீட்டில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டை தாண்டி, தாம்பரத்துப் பாலம் ஏறி இறங்கும்வரை அவள் வாய் ஓயவில்லை. "உன் வூட்ல எந்தப் பக்கம்டா காத்து வரும்? பத்தாவது மாடின்னா தலை சுத்தாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் உம் கொட்டினான். சேலையூரில் எங்கள் தெருமுனையில் காரை நிறுத்தினான்.

"இறங்கும்மா. எங்க வீட்ல பெயிண்ட் வேலை நடக்குது. கொஞ்ச நாள் அக்கா வீட்ல இரு."

அம்மா ஒரு வினாடி விழித்தாள். அப்புறம், "அதுக்கு இன்னாடா? பெயிண்ட் வாசனை எனக்கும் ஆகாது. முடிஞ்சதும் வந்து இட்டுகினு போ" என்று இறங்கினாள்.

அப்போதே நான் அந்தப் பொய்யை உடைத்திருக்கலாம். அவன் வாயால் அவனே சொல்லட்டும், ஒருநாள் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று விட்டேன். கார் போயிற்று.

என் வீட்டுக்காரர் நிஜமாகவே ஹாலில்தான் படுத்தார். அம்மாவுக்கு அலமாரியில் ஒரு தட்டு காலி பண்ணிக் கொடுத்தேன். "எதுக்குடி? நாலு நாளுதானே" என்றாள். கட்டைப்பை கதவோரத்தில் நின்றது. காலையில் பையிலிருந்து ஒரு புடவை வெளியே வரும். துவைத்து, காயவைத்து, மடித்து, சாயங்காலம் பைக்கே திரும்பிப் போகும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா?

சும்மா இருந்தாலும் பரவாயில்லை. "உன் சாம்பாரு இன்னாடி தண்ணியா கீது?" என்பாள். "அவன் வூட்ல லிப்ட் கீது, நமக்குத்தான் படி" என்பாள். தெருவில் கார் சத்தம் கேட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பை பக்கத்தில் போய் நிற்பாள். கார் தாண்டிப் போனதும், "இன்னும் பெயிண்ட்டு காயல போல" என்பாள்.

"அது என்னம்மா வீடா, அரண்மனையா? மழைக்காலத்துல ஆரம்பிச்ச பெயிண்ட் வெயில்காலம் வந்தும் காயலியா?" என்பேன்.

"உனக்கு அவனைக் கண்டாலே ஆகாது" என்பாள். அதோடு பேச்சு முடியும். அதற்கு மேல் நான் போனை எடுத்துக்கொண்டு லண்டன் ஆட உட்கார்ந்துவிடுவேன். அவன் அத்தனை அழகாக அடித்துக் காட்டியபிறகும் நான் வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முதல் மூவ் சிப்பாய், இரண்டாவது மூவ் பிஷப். கை தானாகப் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வஞ்சிரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். அம்மா சிங்க்கில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இந்த மாதமும் முடியாதாம், ஆபீஸில் பிழிகிறார்களாம், அம்மாவுக்கு என்ன வேண்டுமோ வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். பெயிண்ட் என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. என்ன பொய் சொன்னோம் என்பதே மறந்துபோயிருந்தது அவனுக்கு.

போனை வைத்துவிட்டு உரிக்க வெங்காயத்தை எடுத்தேன். அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு அவன்தானடி ஜெயிச்சான்?"

"ஆமா."

"நீதானே தோத்தே?"

"ஆமா, தோத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப நான் ஏண்டி இங்க கீறேன்?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். ஜெயித்தவருக்குப் பொருள். நடுத்துண்டு, ஃபேன், சைக்கிள், அம்மா. அவன் தலையில் கை வைத்து அவள் கேட்டது அவன் வீட்டைத்தான். இத்தனை மாதமாக ஜெயித்தவன் வந்து எடுத்துப்போவான் என்று கதவோரத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தனை நாளும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து இட்லி தின்ற எனக்கு அது தெரியவில்லை.

பெயிண்ட்தாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸ் வேலைம்மா, அடுத்த மாசம் வந்துடுவான் என்று சொல்லியிருக்கலாம். கூசாமல் பொய் சொல்லக்கூடியவள்தான் நான். ஆனால் அந்த நேரத்தில் முள் எடுத்துக் கொடுத்தது, தலையைத் தடவியது, நெட்டி முறித்தது, எல்லாம் சேர்ந்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஜெயிச்சவங்க உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு நாங்க ஆடலம்மா" என்றேன். "தோத்தவங்க தலையிலதான் நீ. அதுதான் பந்தயம். உன் புள்ளை உன்னைத் தள்ளிவிடறதுக்குத்தான் ஜெயிச்சான். ஒரு வாரம் உக்காந்து படிச்சுட்டு வந்து ஜெயிச்சான். நீ கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சியே, அது இதுக்குத்தான்."

சொல்லச் சொல்ல இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இனித்தது.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அழவில்லை. கத்தியைக் கழுவிப் பலகைமேல் வைத்தாள். குழாயை மூடினாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீ?" என்றாள்.

"நான் என்ன?"

"நீ இன்னாத்துக்கு ஆடினே? தோக்கறதுக்கா?"

இருக்கிறதே எனக்கு ஒரு வாய், தம்பியை, நாத்தனாரை, ஆபீஸில் மேலதிகாரியை, யாரையும் விட்டுவைக்காத வாய். கீழே வைத்த வெங்காயத்தை மறுபடியும் எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள். அப்புறம் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

குழம்பை அவளே வைத்தாள். தட்டை அவளே போட்டாள். சோறு வைத்து, குழம்பை வழித்து ஊற்றி, நடுத்துண்டை இரண்டு விரலால் எடுத்து, என் தட்டில் மெதுவாக வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டைப் பிட்டு, நடு முள்ளை உருவி, தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"துன்னு" என்றாள். "இப்பல்லாம் தோத்தவங்களுக்குத்தானே."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்துண்டைக் கடைசிவரை தின்று முடித்தபிறகுதான் விட்டாள்.